கடவுள் இருந்த இடத்தில் ஒரு விளம்பரப் பலகை

ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில் அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் நடக்கும் இடம் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியிலுள்ள ஃப்ளஷிங் மெடோஸ் பூங்கா. நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே மரமும் இல்லை, புல்தரையும் இல்லை. புரூக்ளின் வீடுகள் தங்கள் கணப்புகளில் எரித்துத் தள்ளிய நிலக்கரிச் சாம்பல்தான் மலைமலையாகக் கிடந்தது. நகராட்சியோடு ஒப்பந்தம் போட்ட ஒரு தனியார் கம்பெனி அதை ரயிலில் ஏற்றிவந்து கொட்டியது. வழியெல்லாம் தூள் பறக்க ஓடிய அந்த ரயிலுக்கு ஊர்மக்கள் 'டால்கம் பவுடர் எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார்கள். மேடுகளில் மிக உயரமானது 'மவுண்ட் கரோனா' ஆயிற்று.

எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1922 அக்டோபரிலிருந்து 1924 வசந்தம்வரை லாங் ஐலண்டின் கிரேட் நெக்கில் குடியிருந்தார். சினிமாக்காரர்களும் நாடகக்காரர்களும் புதுப்பணக்காரர்களும் விருந்து வைத்துக் களித்த ஊர் அது. அங்கிருந்து மன்ஹாட்டனுக்குப் போனாலும் வந்தாலும் இந்தச் சாம்பல் மேட்டைத் தாண்டியாக வேண்டும். 1925 ஏப்ரல் 10-இல் வெளிவந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலில் அந்த மேடு 'சாம்பல் பள்ளத்தாக்கு' ஆகியிருக்கிறது. அதன்மேல் ஒரு கண் மருத்துவரின் விளம்பரப் பலகை நிற்கிறது. முகமில்லாத இரண்டு நீலக் கண்கள், மஞ்சள் மூக்குக்கண்ணாடி, டாக்டர் டி. ஜே. எக்கிள்பர்க் என்ற பெயர், அவ்வளவுதான். அமெரிக்க நாவல்களில் இந்தப் பலகை அளவுக்கு வகுப்பறைகளில் அடிபட்ட சின்னங்கள் குறைவு.

கதை எளியது. பத்திர வியாபாரம் கற்க நியூயார்க் வந்த நிக் கேரவே, 1922 கோடையில் வெஸ்ட் எக் என்ற ஊரில் வாடகைக்குக் குடியேறுகிறான். பக்கத்து மாளிகையில் ஜே கேட்ஸ்பி. விரிகுடாவின் அக்கரையில், ஈஸ்ட் எக்கில், நிக்கின் உறவுக்காரி டெய்சியும் அவள் கணவன் டாம் புக்கானனும். ஐந்தாண்டுகளுக்கு முன் டெய்சியைக் காதலித்து, காசில்லாமல் அவளை இழந்தவன் கேட்ஸ்பி. இப்போது கள்ளச் சாராயக் காசில் மாளிகை வாங்கி, அவள் வீட்டுப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கைப் பார்த்தபடி காத்திருக்கிறான். டாமுக்கோ வேறொரு தொடர்பு: சாம்பல் மேட்டோரம் கார் பழுதுபார்க்கும் கடை நடத்தும் ஜார்ஜ் வில்சனின் மனைவி மர்ட்டில். டெய்சி ஓட்டிவந்த கேட்ஸ்பியின் மஞ்சள் காரில் மர்ட்டில் அடிபட்டுச் சாகிறாள். ஓட்டியது கேட்ஸ்பிதான் என்று நம்பி வில்சன் அவனைச் சுட்டுவிட்டுத் தானும் சாகிறான். டாமும் டெய்சியும் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

இந்த நாவல் ஒழுக்கமும் ஆன்மாவும் அழுகிப்போன ஒரு சமூகத்தைச் சின்னங்களால் காட்டுகிறது என்பதில் விமர்சகர்களிடையே பெரிய சண்டை இல்லை. எப்படிக் காட்டுகிறது என்பதில்தான் சண்டை. பாடப்புத்தக விடை எல்லாருக்கும் தெரிந்தது: எக்கிள்பர்க்கின் கண்கள் கடவுளின் கண்கள், பச்சை விளக்கு கனவு, மஞ்சள் பணம், வெள்ளை பொய்யான தூய்மை. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும், நாவல் கைநழுவிவிடும்.

கண்களைக் கடவுளென்று சொல்வது யார் என்று பார்த்தாலே இது விளங்கும். நாவலாசிரியர் சொல்லவில்லை, நிக்கும் சொல்லவில்லை. மனைவியைப் பறிகொடுத்து இரவெல்லாம் புலம்பிய வில்சன் விடியற்காலையில் ஜன்னல் வழியே அந்தப் பலகையைப் பார்த்து, கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்கிறான். பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மைக்கேலிஸ் என்ற கிரேக்க இளைஞன் பதறிப்போய், அது வெறும் விளம்பரம் என்று திருத்துகிறான். அதற்குச் சற்று முன்பு அதே மைக்கேலிஸ், போய்வருகிற தேவாலயம் ஏதாவது உண்டா, பாதிரியாரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டிருக்கிறான். வில்சனுக்கு அப்படி எதுவும் இல்லை. துக்கத்தில் போய் உட்காரக் கோயிலில்லாத ஒருவனுக்கு, கண்ணெதிரே தெரிந்தது ஒரு கண்ணாடிக்கடை விளம்பரம். அதை நம்பி அவன் துப்பாக்கியோடு கிளம்புகிறான். தப்பான ஆளைக் கொல்கிறான்.

அந்தப் பலகைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. குவீன்ஸில் தொழிலைப் பெருக்க நினைத்த எவரோ ஒரு கண் மருத்துவர் அதை நட்டுவைத்தார். பிறகு அவர் செத்தாரோ, வேறு ஊருக்குப் போய் மறந்தாரோ, வண்ணம் பூச ஆளில்லாமல் பலகை வெயிலிலும் மழையிலும் மங்கிக்கிடக்கிறது. கண்ணை விற்க வந்தவனே காணாமல் போய்விட்டான், அவன் விட்டுப்போன விளம்பரம் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறது. கடவுள் பார்க்கிறார் என்பதை விடவும், கடவுள் கடையைக் கட்டிவிட்டார் என்பதையே இந்த ஏற்பாடு சொல்கிறது. (கண்களின் விழித்திரை மூன்றடி உயரம் என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிவைத்தார். விழித்திரை கண்ணுக்குள்ளே, பின்புறம் இருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கருவிழி என்று எழுத நினைத்திருப்பார். இப்படிச் சறுக்கல்கள் அவருக்குச் சகஜம்: சிறுவன் கேட்ஸ்பி 1906-இல் தன் தினசரி அட்டவணையை எழுதிவைத்த 'ஹோப்பலாங் கேசிடி' புத்தகம் உண்மையில் 1910-இல்தான் அச்சானது.)

கண்கள் எங்கிருந்து வந்தன என்பதிலும் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. பிரான்சிஸ் குகாட் வரைந்த அட்டைப்படத்தில், ஒளிவெள்ள நகரத்தின் மேலே நீல இரவில் ஒரு பெண்ணின் கண்கள் மிதக்கின்றன. அந்த அட்டையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அதை நான் கதைக்குள் எழுதிவிட்டேன் என்று 1924-இல் ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்க்கின்ஸுக்கு எழுதினார். எழுதப்பட்டது எக்கிள்பர்க்கா, நிக்கின் மனத்தில் இரவில் மிதக்கும் முகமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஹெமிங்வேயோ தன் பாரிஸ் நினைவுக் குறிப்புகளில், அந்த அட்டை தனக்குப் பிடிக்கவில்லை என்றும், லாங் ஐலண்ட் சாலையோர விளம்பரப் பலகை ஒன்றோடு அதற்குத் தொடர்புண்டு என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் சமாதானம் சொன்னதாகவும் பதிவு செய்திருக்கிறார். கையெழுத்துப் பிரதியைப் படித்த பெர்க்கின்ஸ் 1924 நவம்பரிலேயே சரியாகச் சொல்லிவிட்டார்: அந்தக் கண்களில் ஒவ்வொரு வாசகரும் வெவ்வேறு பொருளைக் காண்பார்.

ஃபிட்ஸ்ஜெரால்ட் கத்தோலிக்கராக வளர்ந்து, இளமையிலேயே சபையிலிருந்து விலகியவர். அடுத்த நாவல் 1885-ஆம் ஆண்டின் மத்திய மேற்கிலும் நியூயார்க்கிலும் நடக்கும், அதில் கத்தோலிக்க அம்சம் ஒன்று இருக்கும் என்று 1922-இல் பெர்க்கின்ஸுக்கு எழுதியிருந்தார். அந்தத் திட்டத்திலிருந்து மிஞ்சியது 1924 ஜூனில் 'அமெரிக்கன் மெர்குரி' இதழில் வந்த 'பாவமன்னிப்பு' என்ற சிறுகதை. பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ளேயே பொய் சொல்லிவிட்டுப் பயந்து நடுங்கும் ஒரு சிறுவனும், புத்தி பேதலித்துக் கேளிக்கைப் பூங்காவின் விளக்குகளைப் பற்றிப் பேசும் ஒரு பாதிரியாரும் அதில் வருகிறார்கள். கேட்ஸ்பியின் பால்யமாக எழுதத் தொடங்கிய பகுதி அது. மர்மம் கெடாமலிருக்க எடுத்துவிட்டதாகப் பின்னாளில் அவர் சொன்னார். எடுத்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் எக்கிள்பர்க் நிற்கிறார்.

மதம் நாவலில் அறவே இல்லாமலில்லை, ஆனால் வரும்போதெல்லாம் எப்படி வருகிறது என்பதுதான் வேடிக்கை. டெய்சி கத்தோலிக்கர், விவாகரத்துக்குச் சம்மதிக்கமாட்டாள் என்று மர்ட்டிலின் தங்கை நிக்கிடம் சொல்கிறாள். டெய்சி கத்தோலிக்கரே இல்லை. வைப்பாட்டியைச் சமாளிக்க ஜோடித்த பொய்யில் மதம் ஒரு சாக்காகப் பயன்பட்டிருக்கிறது. இன்னொரு முறை வருவது கேட்ஸ்பியின் அடக்கத்தில். அமெரிக்கா போய்வந்த தமிழருக்கு ஃப்ளஷிங் என்றால் 1977-இல் குடமுழுக்குக் கண்ட பிள்ளையார் கோயிலும் அதன் கீழ்த்தளத்துத் தோசையும் நினைவுக்கு வரும். கேட்ஸ்பியைப் புதைக்க லூத்தரன் பாதிரியார் வருவதும் அதே ஃப்ளஷிங்கிலிருந்துதான். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இன்னும் அரைமணி நேரம் பொறுக்கும்படி நிக் கேட்டுக்கொள்கிறான். நூற்றுக்கணக்கில் வந்து குடித்துக் கூத்தாடிய விருந்தாளிகளில் ஒருவரும் வரவில்லை. கடைசியில் அவர்களில் கல்லறைக்கு வந்து சேர்பவர் ஒரே ஒருவர்: முன்பு மாளிகை நூலகத்தில் புத்தகங்கள் நிஜமானவை என்று கண்டு வியந்த, தடித்த கண்ணாடி போட்ட குடிகாரர். புத்தகங்கள் நிஜம்தான், ஆனால் பக்கங்கள் வெட்டப்படவேயில்லை என்று அன்றைக்குக் கண்டுபிடித்தவரும் அவரே.

இதே 1925-இல் அமெரிக்காவில் பரபரப்பாக விற்ற இன்னொரு புத்தகத்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புரூஸ் பார்ட்டன் என்ற விளம்பர நிறுவன முதலாளி எழுதிய 'யாரும் அறியாத மனிதர்'. இயேசுவை நவீன வியாபாரத்தின் ஸ்தாபகராகவும், தேர்ந்த விளம்பரக்காரராகவும் காட்டும் நூல். கோயிலில் தங்கிவிட்ட சிறுவன் இயேசு, தன் தந்தையின் அலுவலில் இருப்பதாகத் தாய்க்குச் சொல்லும் லூக்கா வசனத்தைப் பார்ட்டன் முகப்பிலேயே பொறித்திருந்தார். அதே வசனத்தை ஃபிட்ஸ்ஜெரால்டும் தன் ஆறாம் அத்தியாயத்தில் தொடுகிறார்: ஏழை விவசாயி மகன் ஜேம்ஸ் காட்ஸ் பதினேழு வயதில் தன்னைக் கடவுளின் பிள்ளையாகப் பாவித்துக்கொண்டு ஜே கேட்ஸ்பியாகும் இடத்தில். பார்ட்டன் மனப்பூர்வமாகச் சொன்னதை இவர் கசப்போடு சொன்னார். இருவரும் பார்த்த நாடு ஒன்றுதான்.

இரண்டாவது பெரிய வாசிப்பு, டி. எஸ். எலியட்டின் வழியே வருவது. 'பாழ்நிலம்' கவிதை 1922-இல் வந்தது, நாவலின் கதை நடக்கும் அதே ஆண்டு. ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் நாவலை எலியட்டுக்குக் கையெழுத்திட்டு அனுப்பினார். மூன்று முறை படித்துவிட்டதாகவும், ஹென்றி ஜேம்ஸுக்குப் பின் அமெரிக்கப் புனைகதை எடுத்துவைத்த முதல் அடி இதுவென்று தோன்றுவதாகவும் 1925-இன் கடைசி நாளன்று எலியட் பதில் எழுதினார். இரண்டுக்கும் பொதுவான பாட்டன் ஒருவர் உண்டு: ரோமானிய எழுத்தாளர் பெட்ரோனியஸ். எலியட்டின் முகப்பு மேற்கோள், அவருடைய 'சாட்டிரிக்கான்' நூலில் டிரிமால்கியோ என்ற பெரும்பணக்காரன் தன் விருந்தில் பேசும் பேச்சிலிருந்து வருகிறது. டிரிமால்கியோ அடிமையாயிருந்து விடுதலை பெற்று, அளவுமீறிச் சோறு போட்டு அந்தஸ்து தேடுபவன். ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் நாவலுக்கு வைக்க நினைத்த பெயர்களில் ஒன்று 'வெஸ்ட் எக்கில் டிரிமால்கியோ'. மற்றொன்று 'சாம்பல் மேடுகளுக்கும் கோடீஸ்வரர்களுக்கும் நடுவே'. பெர்க்கின்ஸ் போன்றோர் தடுத்ததால் இப்போதைய தலைப்பு நின்றது.

பாழ்நில வாசிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. எலியட்டின் வறட்சி எல்லாருக்கும் பொது, தேம்ஸ் கரையில் மேலோருக்கும் கீழோருக்கும் ஒரே வெறுமை. ஃபிட்ஸ்ஜெரால்டின் சாம்பலோ பங்கு பிரித்தே விழுகிறது. ஈஸ்ட் எக்கில் ஒரு துகளும் இல்லை. வில்சனின் சட்டையில், தலைமுடியில், அவன் தொடும் பொருள்களில் எல்லாம் படிந்திருக்கிறது. ஆற்றுப்பாலத்தைப் படகுக்காகத் தூக்கும்போது ரயில் நிற்கும், பயணிகள் அரைமணி நேரம்வரை அந்தக் காட்சியைப் பார்த்தாக வேண்டும். பார்த்துவிட்டு அவர்கள் போய்விடலாம், வில்சனால் முடியாது. மேற்கே போய்விட வேண்டும் என்று அவன் ஏங்குகிறான். அதற்கான காசுக்கு டாமின் பழைய காரை வாங்கி விற்கப் பார்க்கிறான். டாம் அந்தக் காரையும் தராமல் இழுத்தடித்துக்கொண்டே அவன் மனைவியைப் பார்க்க வருகிறான்.

இந்த நாவலின் சின்னங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒன்று பிடிபடும். எல்லாமே ஏதோ ஒன்றின் மிச்சம். வெள்ளிக்கிழமைதோறும் நியூயார்க் பழக்கடையிலிருந்து கேட்ஸ்பி வீட்டுக்கு ஐந்து பெட்டி ஆரஞ்சும் எலுமிச்சையும் வருகின்றன. திங்களன்று பின்வாசல் வழியே சாறு பிழிந்த தோல்கள் கோபுரமாக வெளியேறுகின்றன. எட்டு வேலைக்காரர்கள் அன்று பகல் முழுதும் துடைப்பமும் சுத்தியலுமாக முந்தைய இரவின் நாசத்தைச் சரிசெய்கிறார்கள். விருந்தினர் பெயர்களை நிக் குறித்துவைப்பது காலாவதியான ஒரு ரயில் அட்டவணையில், 1922 ஜூலை 5 முதல் அமலாகும் என்று அச்சிட்டது. சுதந்திர தினத்துக்கு மறுநாள். தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் நாட்டின் கொடி நிறங்களை வைத்து ஒரு தலைப்புக் கூட யோசித்த எழுத்தாளர் இவர். பச்சை விளக்கும் அப்படித்தான். டெய்சி அருகில் வந்து நின்றதும் அதன் மாயம் போய், துறையில் எரியும் வெறும் விளக்காகிவிடுகிறது.

அழுகல் என்பது இங்கே பாவத்தைவிடக் குப்பைக் கணக்கோடு நெருக்கமானது. ஒருவர் அனுபவித்ததன் எச்சம் யார் வீட்டு வாசலில் போய் விழுகிறது என்பதே கேள்வி. அதனால்தான் கடைசியில் சாம்பல் நடந்து வருகிறது. கோடை முழுக்கக் கேட்ஸ்பி இறங்காத நீச்சல்குளத்தில் முதல்முறையாக மிதந்துகொண்டிருக்கும்போது, மரங்களினூடே அவனை நோக்கி வரும் வில்சனைச் சாம்பல் நிற உருவம் என்றே நாவல் குறிப்பிடுகிறது. பள்ளத்தாக்கு மாளிகைக்கு வந்து சேர்ந்துவிட்டது. சேர்ந்ததும் தப்பான மாளிகை. ஈஸ்ட் எக்குக்குப் போயிருக்க வேண்டியது.

1920-இல் அமலான மதுவிலக்கு இந்தக் கதைக்கெல்லாம் பின்னணி. சட்டம் குடியை நிறுத்தவில்லை, விற்பவனைப் பணக்காரனாக்கியது. கேட்ஸ்பியின் கூட்டாளி மேயர் வுல்ஃப்ஷைம், 1919 பேஸ்பால் உலகத்தொடரில் ஆட்டத்தை விலைக்கு வாங்கியவன் என்று அறிமுகமாகிறான். நிஜத்தில் அந்த ஊழலோடு பெயர் பிணைந்தவர் நியூயார்க் சூதாட்டக்காரர் அர்னால்டு ரோத்ஸ்டீன். வுல்ஃப்ஷைமின் சட்டைக்கைப் பொத்தான்கள் மனிதக் கடைவாய்ப் பற்களால் ஆனவை. அதைப் பெருமையாகக் காட்டவும் செய்கிறான். யூதர்களைப் பற்றிய பழைய கேலிச்சித்திரத்தை ஃபிட்ஸ்ஜெரால்ட் யோசிக்காமல் எடுத்தாண்டிருக்கிறார் என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. 2013-இல் பாஸ் லூர்மன் இயக்கிய படத்தில் அந்த வேடத்தை அமிதாப் பச்சனுக்குக் கொடுத்ததற்குப் பின்னால் இந்தச் சங்கடமும் இருந்திருக்கக்கூடும்.

இன்னொரு அழுகலை நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. முதல் அத்தியாய விருந்திலேயே டாம், வெள்ளையினம் மூழ்கப்போகிறது என்று 'கோடார்டு' என்பவர் எழுதிய நூலை ஆதாரம் காட்டிப் பேசுகிறான். 1920-இல் லோத்ராப் ஸ்டாடார்டு எழுதிப் பரவலாகப் பேசப்பட்ட நிறவெறி நூலைக் கிண்டல் செய்யும் இடம் இது. நாவல் எழுதப்பட்ட 1924-இல்தான் குடியேற்றத்தை இனவாரியாக நெருக்கும் சட்டம் நிறைவேறியது, ஆசியர்களுக்குக் கிட்டத்தட்ட முழுக்கவே கதவு சாத்தப்பட்டது. எனவே டாம் பேசுவது குடிபோதை உளறல் இல்லை, அன்றைய ஆளும் வர்க்கத்தின் கொள்கை. அண்மைத் தலைமுறை விமர்சகர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் நிக்கின் சொந்தக் கண்ணும் அவ்வளவு சுத்தமில்லை என்பதை அவர்களே சுட்டிக்காட்டவும் செய்தார்கள். பாலத்தில் வெள்ளைக்கார ஓட்டுநர் வைத்த காரில் செல்லும் கறுப்பின இளைஞர்களை அவன் பார்க்கும் பார்வையே அதற்குச் சாட்சி.

வெளிவந்த காலத்தில் இத்தனை ஆழத்தை அதிகம் பேர் தேடவில்லை. எச். எல். மென்கென் நடையைப் பாராட்டிவிட்டு, கதையை ஒரு துணுக்கின் அளவுக்கே மதித்தார். முதல் அச்சு 20,870 பிரதிகள், இரண்டாவது அச்சு 3,000. 1940 டிசம்பர் 21-இல் நாற்பத்து நான்கு வயதில் ஃபிட்ஸ்ஜெரால்ட் இறந்தபோது இரண்டாம் அச்சின் பிரதிகள் கிடங்கில் தங்கியிருந்தன. பிறகு இரண்டாம் உலகப் போரின்போது சிப்பாய்களுக்கு இலவசமாகக் கொடுத்த பதிப்பில் ஏறத்தாழ 1,55,000 பிரதிகள் போயின. போருக்குப் பின் கல்லூரிகளில் பிரதியை மட்டும் நுணுகிப் படிக்கும் விமர்சன முறை கொடிகட்டிப் பறந்தது. நிறங்களும் கண்களும் விளக்குகளும் நிறைந்த இந்தச் சின்ன நாவல் அதற்கென்றே எழுதியதுபோல் வாய்த்தது. லயோனல் டிரில்லிங் கேட்ஸ்பியை அமெரிக்காவின் உருவமாகவே பார்த்தார். 1950-களில் மேரியஸ் பியூலி, அமெரிக்கக் கனவு வாடிப்போனதைச் சொல்லும் நாவல் என்று எழுதினார். கனவு வாடியது என்ற பேச்சு அன்றிலிருந்து தேய்ந்து தேய்ந்து ஒரு வாய்ப்பாடாகிவிட்டது. எழுதியவரும் அந்த வாழ்க்கைக்கு வெளியே நின்றவரில்லை. ஆண்டுக்கு 36,000 டாலர் சம்பாதித்தும் குடும்பம் நடத்த முடியாத கதையை 1924-இல் ஒரு வார இதழில் தானே நகைச்சுவையாக எழுதியவர் அவர்.

உண்மையான சாம்பல் மேட்டை நகரப் பூங்காக்களின் ஆணையர் ராபர்ட் மோசஸ் 1930-களில் சமப்படுத்தினார். அங்கே 1939-இல் உலகக் கண்காட்சி திறந்தது. அதில் கூட்டம் அலைமோதிய அரங்கு, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1960-இன் அமெரிக்காவை நெடுஞ்சாலைகளும் கார்களுமாகக் காட்டிய அரங்கு. மர்ட்டில் காரில் அடிபட்டுச் செத்ததாக நாவல் சொல்லும் நிலத்தில்தான் அது நின்றது.

கண்களைப் பற்றிய இவ்வளவு விவாதத்திலும் ஒரு ஜோடிக் கண்கள் தப்பித்துக்கொள்கின்றன. அவை நிக்கின் கண்கள். தான் அறிந்த நேர்மையான சிலரில் தானும் ஒருவன் என்று சொல்லிக்கொள்பவன் அவன். காரை ஓட்டியது டெய்சி என்று விபத்து நடந்த இரவிலேயே கேட்ஸ்பி அவனிடம் சொல்லிவிட்டான். மரண விசாரணையில் மர்ட்டிலின் தங்கை கூசாமல் பொய் சொல்ல, துக்கத்தில் மூளை கலங்கிய வில்சனின் செயல் என்று வழக்கு முடிகிறது. நிக் வாய் திறக்கவில்லை. அந்த அக்டோபரில் ஐந்தாம் அவென்யூவில் டாம் எதிர்ப்படுகிறான். கேட்ஸ்பிதான் மர்ட்டிலை நாயைப்போல் ஏற்றிக் கொன்றான் என்று டாம் முகத்துக்கு நேரே சொல்லும்போதும் நிக் உண்மையைச் சொல்வதில்லை. கைகுலுக்க முதலில் மறுத்தவன் பிறகு கைகுலுக்கிவிட்டுப் போகிறான். டாம் முத்துமாலை வாங்கவோ சட்டைக்கைப் பொத்தான் வாங்கவோ நகைக்கடைக்குள் நுழைகிறான்.